நான்கெல்லை எழுதாத வாக்குறுதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மேற்காசியச் சிக்கலின் வேர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சி. முதல் உலகப்போரின்போது சுதந்திர நாடு தருவதாக பிரிட்டன் அரபுத் தலைவர்களுக்குக் கடிதம் மூலம் கொடுத்த வாக்கைப் பற்றியும் அதில் ஒரு பத்தி வருகிறது. "கடிதங்களில் போதிய தெளிவு இல்லாததால் இரு தரப்பும் இரு விதமாகப் புரிந்துகொண்டனர்" என்று அந்தப் பத்தி முடிகிறது. அந்த ஒரு வரியோடுதான் எனக்கு வழக்கு.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திர எழுத்தராக இருந்தவன். இப்போது தொழிலை மகன் பார்த்துக்கொள்கிறான். உலக அரசியலில் கருத்துச் சொல்ல எனக்குப் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் எல்லை எழுதுவது என் பிழைப்பாக இருந்தது. தெரியாமல் விட்ட எல்லை எது, தெரிந்தே விட்ட எல்லை எது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன்.

கிரயப் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர், தொகை எல்லாம் முதல் பக்கங்களில் வந்துவிடும். அடிபட்டு அனுபவப்பட்டவர் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. சொத்து விவரம் அங்கேதான் இருக்கும். 'வாய்க்காலுக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இன்னார் மனைக்கு வடக்கு, இதற்குள்பட்டது' என்று நான்கு பக்கமும் அடைத்து எழுத வேண்டும். மூன்று பக்கம் எழுதி ஒன்றை விட்டால் அந்த ஒரு பக்கத்தில் முப்பது வருஷம் கோர்ட்டுக்கு அலைய வேண்டி வரும்.

அந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் பிரிட்டிஷ் அரசே 1939-ல் அச்சிட்டு வெளியிட்டது. இன்று இணையத்தில் கிடைக்கிறது. பேத்தி அச்செடுத்துக் கொடுத்தாள். ஒரு பழைய அட்லஸையும் அடிக்கோலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தேன்.

மெக்கா அமீராக இருந்த ஷரீப் ஹுசைனின் முதல் கடிதம் 1915 ஜூலை 14 தேதியிட்டது. பெறுநர் கெய்ரோவில் இருந்த பிரிட்டிஷ் ஹை கமிஷனர். துருக்கி சுல்தானுக்கு எதிராக அரபுகள் எழுந்தால் பதிலுக்கு எந்தெந்த நிலம் சுதந்திர அரபு நாடாக வேண்டும் என்று ஹுசைன் அதில் எழுதுகிறார். வடக்கே மெர்சின், அதனா தொடங்கி 37-ஆம் அட்சரேகையை ஒட்டி உர்ஃபா, மார்தின் வழியாகப் பாரசீக எல்லை வரை. கிழக்கே பாரசீக எல்லை, அதற்குக் கீழே பஸ்ரா வளைகுடா. தெற்கே இந்தியப் பெருங்கடல், ஏடன் மட்டும் நீங்கலாக. மேற்கே செங்கடல், மத்திய தரைக்கடல், திரும்ப மெர்சின் வரை. படித்ததும் எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. பாலைவனத்தில் இருந்து வந்த ஒரு கிழவர் நான்கெல்லையும் எழுதி, நீங்கலாக உள்ளதையும் சொல்லி, தொடங்கின இடத்திலேயே கொண்டுவந்து முடிச்சுப் போட்டிருக்கிறார். எந்த சப்-ரிஜிஸ்திராரும் திருப்பி அனுப்ப முடியாத விவரம்.

பதில் எழுதியவர் சர் ஹென்றி மக்மோகன். ஆகஸ்ட் 30-ல் வந்த முதல் பதிலில், போர் நடந்துகொண்டிருக்கும்போது எல்லையைப் பற்றிப் பேச இது நேரமல்ல என்று தட்டிக்கழித்தார். ஹுசைன் விடவில்லை. எல்லைதானே முக்கியம், அதில் ஏன் இந்தத் தயக்கம், ஏன் இந்தச் சுரத்தில்லாத பேச்சு என்று செப்டம்பரில் திருப்பிக் கேட்டார். கடைசியில் அக்டோபர் 24-ஆம் தேதி அந்தப் பேர்போன கடிதம் வந்தது. ஷரீப் கேட்ட எல்லைக்குள் அரபுகளின் சுதந்திரத்தை பிரிட்டன் அங்கீகரித்து ஆதரிக்கும். ஆனால் மெர்சின், அலெக்சாந்த்ரெத்தா மாவட்டங்களும், தமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ மாவட்டங்களுக்கு மேற்கே உள்ள சிரியாப் பகுதிகளும் முழுக்க அரபு நிலம் என்று சொல்ல முடியாதாம், அவை நீங்கலாக. பாக்தாத், பஸ்ரா மாகாணங்களுக்கு பிரிட்டனின் தனி நிர்வாக ஏற்பாடு. இதற்கெல்லாம் மேலே, நேச நாடான பிரான்சின் நலனுக்குக் கெடுதி வராத நிலப்பகுதிகளுக்கு மட்டுமே இந்த உறுதி செல்லும்.

நான்கு ஊரின் பெயர் போட்டு 'மேற்கு' என்று ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறார். அந்த மேற்கு தெற்கில் எதுவரை போகும்? ஒரு சொல்லும் கிடையாது. பாலஸ்தீனம் வாக்குக்கு உள்ளேயா வெளியேயா என்ற வழக்கே இதில்தான். அட்லஸில் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். நான்கில் தெற்குக் கோடியில் இருப்பது தமாஸ்கஸ். அங்கிருந்து நேர் மேற்கே இழுத்தால் கோடு லெபனானில் சைதா பக்கம் போய்க் கடலில் இறங்குகிறது. ஜெருசலேம் அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. பாலஸ்தீனம் நீங்கலாக என்பதுதான் எண்ணம் என்றால் 'ஜெருசலேம்' என்று ஒரு பெயர் எழுதினால் போதும். துருக்கியர் ஆட்சியில் ஜெருசலேம் தனி நிர்வாகப் பகுதியாகவே இருந்தது. அந்தப் பெயர் கடிதத்தில் எங்கும் இல்லை.

1922-ல் காலனிகளுக்கான மந்திரியாக இருந்த சர்ச்சில் ஒரு விளக்கம் கொண்டுவந்தார். பெய்ரூத் மாகாணமும் ஜெருசலேம் பகுதியும் அந்த விலக்கில் அடக்கம் என்றே அரசு எப்போதும் கருதி வந்தது, ஆகவே யோர்தான் நதிக்கு மேற்கே பாலஸ்தீனம் முழுவதும் வாக்குறுதிக்கு வெளியே என்றார். அவருக்காகப் பேசுகிறவர்கள், தமாஸ்கஸ் மாவட்டம் என்றால் அகாபா வரை நீளும் மாகாணம் என்று அர்த்தம் செய்வார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஹோம்ஸும் ஹமாவும் அதே மாகாணத்துக்குள் இருந்த ஊர்கள். மாகாணம் முழுவதையும் குறிப்பவர் அதற்குள் இருக்கும் இரண்டு ஊரைத் தனியாக ஏன் எழுதுவார்? என்னிடம் ஒரு ஜூனியர் இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

இதுவரை படித்தவர்கள், எல்லை எழுதத் தெரியாத ஒரு தூதர் அவசரத்தில் எழுதிவிட்டார் என்று நினைக்கலாம். உங்கள் கட்டுரையும் அவரை 'எகிப்திலிருந்த பிரிட்டிஷ் அதிகாரி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தின் தலைமேல் இன்றும் கிடக்கிறதே மக்மோகன் கோடு, அந்த மக்மோகன்தான் இவர். கெய்ரோவுக்குப் போகும் முன் இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளர். 1914 சிம்லா மாநாட்டில் இமயத்தின் முகடு பார்த்து, சிகரம் பார்த்து, வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டவர். அதற்கும் முன்னால் 1894 முதல் 1896 வரை ஆப்கன் எல்லையில் டியூராண்ட் கோட்டின் ஒரு பகுதியைத் தரையில் அளந்து குறித்தவர். 1903 முதல் 1905 வரை பாரசீகத்துக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடுவே சீஸ்தான் எல்லைத் தகராறில் நடுவர். அந்தச் சாம்ராஜ்யத்தில் எல்லை என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு கடிதத்தில், அதுவும் கேட்டவர் நான்கெல்லை எழுதிக் கொடுத்த பிறகு, கைதவறி மூன்று எல்லையை விட்டுவிட்டாராம்!

கைதவறவில்லை என்பதற்கு அவர் கையெழுத்தே சாட்சி. அன்றைய இந்திய வைஸ்ராய் ஹார்டிங் பிரபுவுக்கு இந்த அரபுப் பேரம் பிடிக்கவில்லை. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இந்தியப் படைதான் அடிபட்டுக்கொண்டிருந்தது, மதராஸ் சாப்பர்ஸ் என்ற நம் பொறியாளர் படை உள்பட. அங்கே பிடிக்கிற ஊரை அரபுகளுக்குக் கொடுப்பதாக கெய்ரோவில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் டெல்லிக்குக் கோபம் வராதா? 1915 டிசம்பரில் மக்மோகன் வைஸ்ராயைச் சமாதானப்படுத்தி ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பேச்சுவார்த்தை அரேபியாவின் எதிர்காலத்தைப் பெரிதாகத் தீர்மானிக்கும் என்று தாம் ஒரு கணமும் நினைக்கவில்லை, அரபுகளை எதிரியிடமிருந்து பிரித்து நம் பக்கம் இழுப்பதுதான் இப்போதைய வேலை, நம் தரப்பில் இது பெரும்பாலும் வெறும் வார்த்தைதான், நிபந்தனைகளைப் பற்றி வித்துவான்களைப்போல் விவாதம் செய்யாமல் மனம் இளகும்படி எழுத வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியவரே இவ்வளவு சொன்ன பிறகு, நாம் ஏன் நூறு வருஷம் கழித்து 'தெளிவின்மை' என்று அவருக்கு வக்காலத்து வாங்க வேண்டும்?

பலரும் சொல்வதுபோல், ஒரே மனையை அரபுகள், பிரான்ஸ், யூதர் என மூன்று பேருக்கு விற்றான் என்று இதை முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. விற்பவனிடம் மனையாவது இருக்க வேண்டும். 1915-ல் அந்த நிலத்தில் பிரிட்டனுக்கு ஒரு சென்ட் கிடையாது. அனுபவத்தில் இருந்தது துருக்கி. குடியிருந்தவர்களை யாரும் கேட்கவே இல்லை.

பிரான்ஸ் சமாச்சாரத்துக்கு வருகிறேன். பெய்ரூத்தையும் கடற்கரையையும் விட்டுத்தர முடியாது என்று ஹுசைன் நவம்பரில் எழுதினார். அதில் பிரான்சின் நலன் இருக்கிறது, அப்புறம் பார்ப்போம் என்று மக்மோகன் டிசம்பர் 14-ல் எழுதினார். சரியாக இரண்டு நாள் கழித்து லண்டனில் மார்க் சைக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அமைச்சர்களின் முன்னால் வரைபடத்தை விரித்து, மத்திய தரைக்கடலோர ஆக்கரிலிருந்து கிர்குக் வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அந்தக் கோடுதான் பிரெஞ்சுத் தூதர் ஜார்ஜ் பிக்கோவோடு பேசி 1916 மே மாதம் ரகசிய ஒப்பந்தமானது. வடக்கே பிரான்ஸ், தெற்கே பிரிட்டன், பாலஸ்தீனம் பன்னாட்டு நிர்வாகத்தில். அடுத்த மாதமே ஹுசைன் மெக்காவில் கலகம் தொடங்கினார். அவரிடம் இந்த ஒப்பந்தத்தை யாரும் காட்டவில்லை. ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்து ஜாரின் பெட்டியைத் திறந்து 1917 நவம்பரில் வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு ஞாபகம் வரும். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டுகிற தூரம் வரை உள்ள கிராமங்களும் சேர்த்தி என்று பேச்சு. ஒரு பெரிய பீரங்கியைக் கொண்டுவந்து சுற்றிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை கம்பெனிக்கு. பக்கத்துக் குண்டு உப்பலவாடிக்கு அப்படித்தான் பேர் வந்தது என்பார்கள். அநியாயமான பேரம்தான், விற்றவனுக்குக் குண்டின் தூரம் தெரிந்திருக்காது. ஆனாலும் குண்டு விழுந்த இடத்தில் ஒரு குழியாவது இருந்தது, போய்ப் பார்க்கலாம். மக்மோகனின் குண்டு எங்கே விழுந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய பிரிட்டன் ஆதரவு தரும் என்று 1917 நவம்பர் 2-ஆம் தேதி வெளியுறவு மந்திரி பால்ஃபர் விட்ட பிரகடனம் பற்றி உங்கள் கட்டுரையில் விவரமாகவே இருக்கிறது, நான் நீட்டவில்லை. விட்டுப்போன ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அதைக் கடுமையாக எதிர்த்தவர் அந்த அரசிலேயே இருந்த எட்வின் மாண்டேகு, தாமே யூதர், இந்தியா மந்திரி. அதே 1917 ஆகஸ்ட் 20-ல் இந்தியர்களுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்று நாடாளுமன்றத்தில் வாக்குக் கொடுத்தவரும் அவரே. அந்த வருஷக் கடைசியில் சென்னைக்கும் வந்து மனுக்கள் வாங்கினார். போர் முடிந்ததும் நமக்குக் கிடைத்தது என்ன? 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம், ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலாபாக். வாக்குக் கொடுக்கும் கை ஒன்று, நிறைவேற்றும் கை வேறு.

பால்ஃபர் ஒரு விதத்தில் மக்மோகனைவிட நேர்மையானவர் என்பேன். 1919 ஆகஸ்டில் அரசுக்குள் மட்டும் சுற்றுக்கு விட்ட குறிப்பு ஒன்றில், பாலஸ்தீன விஷயத்தில் வல்லரசுகள் சொன்ன தகவல்களில் தவறில்லாதது ஒன்றும் இல்லை, செய்த அறிவிப்புகளில் எழுத்தளவிலாவது மீற நினைக்காதது ஒன்றும் இல்லை என்று ஒளிக்காமல் எழுதிவைத்தார். உள்ளுக்குள் மட்டும்தான், வெளியில் இல்லை.

ஹுசைனைத் தியாகியாக்க நான் வரவில்லை. அவரும் பச்சைக் குழந்தை அல்ல. அரபுகள் எல்லாருக்கும் தாமே வாய் என்று பேசினார், அப்படி அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மாதாமாதம் பிரிட்டிஷ் தங்கத்தையும் வாங்கிக்கொண்டார். 1916 கடைசியில் அரபு நாடுகளின் மன்னர் என்று பட்டம் சூட்டிக்கொண்டார், பிரிட்டனும் பிரான்சும் மெக்கா உள்ள ஹிஜாஸ் பகுதிக்கு மட்டும் மன்னர் என்பதற்குமேல் ஒத்துக்கொள்ளவில்லை. வேடிக்கை என்னவென்றால், கெய்ரோ இவரோடு பேரம் பேசிக்கொண்டிருந்த அதே 1915 டிசம்பரில் இந்திய அரசின் தரப்பு இவருடைய எதிரி இப்னு சவுதோடு தனி உடன்படிக்கை செய்துகொண்டது. அந்த இப்னு சவுதின் ஆட்களிடம்தான் 1924-ல் மெக்கா போயிற்று. ஹுசைன் சைப்ரஸில் நாடுகடந்து வாழ்ந்து, 1931-ல் அம்மானில் இறந்தார். அடக்கம் செய்த இடம் ஜெருசலேம்.

அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து, 1937 ஜூலையில் மக்மோகன் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதினார், இப்போது நான் எழுதுவது போலவே. பாலஸ்தீனத்தைச் சேர்க்கும் எண்ணம் தமக்கு இருந்ததே இல்லையாம், அது ஹுசைனுக்கும் நன்றாகத் தெரியுமாம். மூலக் கடிதங்களை அரசு அப்போதும் வெளியிடவில்லை. எதிர்த்தரப்பு இறந்தபின், பத்திரத்தை மறைத்துவைத்துக்கொண்டு, எண்ணத்தைப் பற்றி வாக்குமூலம் கொடுப்பதை எந்த முன்சீப் ஏற்பார்?

புதுச்சேரி வாசகர்களுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. போர் முடிகிற நேரம், 1918 நவம்பர் 7-ல், பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஒரு கூட்டு அறிக்கை விட்டன. துருக்கியரிடம் வெகுகாலம் அடிமைப்பட்ட மக்களுக்கு முழு விடுதலை, அவரவர் விருப்பப்படி அமையும் சொந்த அரசு என்று. இரண்டு வாரம் ஆகவில்லை, நவம்பர் 20-ல், பிரெஞ்சுப் புதுச்சேரியில் பத்து வருஷம் இருந்துவிட்டு எல்லை தாண்டி வந்த பாரதியைக் கடலூர் பக்கம் பிரிட்டிஷ் போலீஸ் பிடித்து, எங்கள் ஊர்ச் சிறையில் அடைத்தது. அவர் செய்த குற்றம், தம் நாட்டுக்கும் விடுதலை கேட்டது.

பிரான்சின் பங்கு அதற்கு இளைத்ததல்ல. ஹுசைனின் மகன் ஃபைசலை 1920 மார்ச்சில் தமாஸ்கஸில் சிரியப் பேரவை மன்னராக அறிவித்தது. ஏப்ரலில் இத்தாலியின் சான் ரெமோவில் கூடிய நேச நாட்டுத் தலைவர்கள் சிரியாவை பிரான்சுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பிரெஞ்சு ஜெனரல் கூரோ ஃபைசலுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பிய தேதி ஜூலை 14. புதுச்சேரியில் ஆண்டுதோறும் கடற்கரைச் சாலைப் போர் நினைவகத்தில் விளக்குப் போட்டு மலர்வளையம் வைக்கிற அதே பிரெஞ்சு தேசிய நாள். பத்தே நாளில், ஜூலை 24-ல், மைசலூன் கணவாயில் சிரியப் படை நொறுங்கியது. தோற்றுவிடுவோம் என்று தெரிந்தும் படையோடு போன போர் அமைச்சர் யூசுஃப் அல்-அஸ்மா அங்கேயே விழுந்தார். மறுநாள் பிரெஞ்சுப் படை தமாஸ்கஸுக்குள். ஃபைசலுக்கு அடுத்த வருஷம் ஈராக் சிம்மாசனத்தைக் கொடுத்து பிரிட்டன் வாயை அடைத்தது. அந்த நினைவகத்தில் பெயர் உள்ள நம் ஊர்ச் சிப்பாய்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அவர்களை யாரும் கேட்டுப் போர் தொடுக்கவில்லை. ஆனால் ஜூலை 14 விழாச் செய்தி போடும்போது ஒரு வருஷமாவது மைசலூன் பற்றி நான்கு வரி சேர்க்கலாமே என்று தோன்றுகிறது.

உங்களிடம் கேட்பது இரண்டு. 1915 ஜூலை 14 கடிதத்தின் எல்லைப் பத்தியையும் அக்டோபர் 24 கடிதத்தின் விலக்குப் பத்தியையும் தமிழில் முழுமையாக, பக்கத்தில் பக்கமாக வெளியிடுங்கள். அரைப் பக்கம் போதும். கூடவே தமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ, ஜெருசலேம் என்று ஐந்து ஊர்ப் பெயரோடு ஒரு வரைபடம். கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த படத்தில் இன்றைய நாட்டு எல்லைகள் இருந்தன, ஹமாவும் ஹோம்ஸும் இல்லை. அதை வைத்து வாசகர் எப்படிச் சரிபார்ப்பார்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.